பின் சீட்டு சிரிப்பும் முன் சீட்டு மௌனமும்

நானும் என் வீட்டுக்காரரும் 14 வருஷமாக மதுரையிலிருந்து கோயில் சுற்றுலா கூட்டிப்போகிறோம். சொந்த வண்டி கிடையாது. ஆள் சேர்ந்ததும் 36 சீட்டோ 52 சீட்டோ பார்த்து வாடகைக்கு எடுப்போம். வண்டி, டிரைவர், தங்குமிடம், டோல் எல்லாம் அவர் பொறுப்பு. சாப்பாடு, மாத்திரை, பாட்டிமார் முட்டிவலி, வாந்தி வரும் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் எல்லாம் என் பொறுப்பு. நான் உட்காருவது கேபினுக்குள், என்ஜினை ஒட்டிய சீட்டில், பயணிகளைப் பார்த்த மாதிரி. டிவி என் தலைக்கு மேலே இருக்கும். அதனால் வண்டியில் எது ஓடினாலும் எனக்குத் தெரிவது படம் இல்லை, பார்க்கிறவர்களின் முகம்.

எங்கள் வண்டியில் பெண்களும் குழந்தைகளும் முன்பாதியில் உட்காருவார்கள். ஆண்கள் பின்பாதி. யாரும் சொல்லி உட்காருவதில்லை, தானாக அமைந்துவிடும். காலையில் பக்திப் பாட்டு, பதினோரு மணிக்கு ஒரு படம், சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஏறியதும் காமெடி. காமெடி என்றால் பென்டிரைவில் ஏற்றிய துண்டுக் காட்சிகள்தான். பெரும்பாலும் கவுண்டமணி செந்தில், அப்புறம் வடிவேலு.

ஆரம்ப வருஷங்களில் என் வீட்டுக்காரர்தான் பென்டிரைவ் ஏற்றுவார். கவுண்டமணி ஓர் உதை விடுவார், செந்தில் போய் விழுவார். பின் சீட்டுகளில் சிரிப்பு வெடிக்கும். ஒருவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்குவார், இன்னொருவர் பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஓங்கி அடிப்பார். முன்பாதியில் பார்த்தால் ஒருத்தர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருத்தர் பூத் தொடுப்பார். பாதிப் பேர் திரையைப் பார்ப்பார்கள், ஆனால் உதட்டில் ஒன்றும் இருக்காது. பரமக்குடியில் முதுகுளத்தூர் ரோடு பிரியும் இடம் வந்தால் பின்னால் இருந்து கட்டாயம் ஒரு குரல் வரும்: "செந்தில் நம்ம ஏரியாக்காரருப்பா, இளஞ்செம்பூர்!" அந்தப் பெருமையிலும் முன்பாதி கலந்துகொள்ளாது.

"பொம்பளைங்களுக்கு இந்தக் காமெடி ஏறாதும்மா, விடு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாச்சி மாதிரி விழுந்து விழுந்து சிரித்த மனுஷியை நான் பார்த்ததில்லை. கலைவாணரும் மதுரமும் வருகிற காட்சி என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். பெண்களுக்கு நகைச்சுவை ஏறாது என்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. பிறகு இந்த உதைக்கு மட்டும் ஏன் சிரிப்பு வருவதில்லை? அதற்குப் பதில் தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது.

ஒருமுறை பழனிக்குப் போன வண்டியில், அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த ஒரு பெண் அம்மாவோடு வந்திருந்தாள். சோழவந்தான் பக்கத்துப் பெண். பின் சீட்டு சிரிப்பைக் கேட்டுவிட்டு, "அக்கா, அங்கயும் இதே கதைதான். மூணு பேரு ஒருத்தனை ஒருத்தன் கண்ணுல குத்திக்கிட்டே இருப்பாங்க. ஆம்பளைங்க உருண்டு சிரிப்பாங்க. பொம்பளைங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அதை வச்சே அங்க ஜோக்கு சொல்லுவாங்க" என்றாள். அந்த மூன்று பேருக்கு 'த்ரீ ஸ்டூஜஸ்' என்று பேர். மோ, லாரி, கர்லி. வீட்டுக்கு வந்து மகளைத் தேடச் சொல்லிப் பார்த்தேன். 1934 முதல் 1959 வரை கொலம்பியா கம்பெனிக்கு 190 குறும்படங்கள் நடித்திருக்கிறார்கள். நடுவில் ஆள் மாறினாலும் அடி மாறவில்லை. மோவும் கர்லியும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. 1946-இல் கர்லிக்கு உடம்பு முடியாமல் போனதும் இன்னொரு அண்ணன் ஷெம்ப் அந்த இடத்துக்கு வந்தார்.

கூடப்பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் எனக்குள் ஏதோ ஒன்று பிடிபட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு தம்பிமார். மூன்று பேரும் பொங்கலுக்குக் கூடினால் இன்றைக்கும் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டித்தான் "வாடா" என்பார்கள். சின்ன வயசில் ஒருத்தரை ஒருத்தர் கண்மாய்க்குள் தள்ளிவிட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு அடி என்பது பாசத்தின் ஒரு வகை. அடித்தவனும் வாங்கியவனும் சாயங்காலம் ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பார்கள். கவுண்டமணி உதைத்தால் அவர்களுக்கு ஞாபகம் வருவது அந்தக் கண்மாய்தான். எனக்கும் என் மதினிமாருக்கும் அப்படி ஒரு கண்மாய் கிடையாது. எங்களுக்கு அடி என்றால் யாரோ ஒருவர் அழுதிருக்க வேண்டும்.

அன்றைக்கு வீட்டு டிவியில் அந்த மூன்று பேரை ஓடவிட்டு, மகள் பேச வேண்டும் என்பதற்காகச் சத்தத்தை நிறுத்தினேன். படம் மட்டும் ஓடியது. அப்போதுதான் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்து உட்கார்ந்தார். திரையில் மோ கர்லியின் மூக்கைப் பிடித்துத் திருகினார், கன்னத்தில் அறைந்தார், இரண்டு விரலால் கண்ணில் குத்தினார். சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் சோற்றில் கையை வைத்தபடி பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வரவே இல்லை. "என்னங்க இது, பாவம், இப்படிப் போட்டு அடிக்கிறான்?" என்றார். சத்தத்தை வைத்தேன். கண்ணில் குத்தும்போது கம்பியைச் சுண்டின மாதிரி ஒரு சத்தம், தலையில் தட்டும்போது கட்டையில் தட்டின மாதிரி ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அதே அடி, அதே ஆள்.

நீங்களும் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். பத்து நிமிஷம் போதும். சத்தம் இல்லாமல் பார்த்தால் ஆண்களின் சிரிப்பும் நின்றுவிடும். அந்த டொங், டிங், பொத் என்கிற சத்தம்தான் "இது நிஜம் இல்லை, சிரிக்கலாம்" என்று அனுமதி கொடுக்கிறது. அந்த அனுமதி பின் சீட்டுக்குச் சட்டென்று போய்ச் சேர்கிறது. முன் சீட்டில் பல பேருக்கு அது போய்ச் சேர்வதில்லை. ஏன் சேர்வதில்லை என்பதைத் தெரிந்துகொள்ள நான் எங்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மாரியம்மன் பொங்கலுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்பார்கள். வள்ளி திருமணம்தான் பெரும்பாலும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எல்லாரையும் தனித்தனியாக மதுரையில் தேதி வாங்கிக் கூட்டிவருவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் எல்லாரும் ஒன்று சேர்வார்கள். பத்து மணிக்கு மேல் தொடங்கினால் விடியும். முதலில் பபூன் வந்து தனியாகப் பேசுவார், அப்புறம் பபூனும் டான்ஸும் பாட்டும் ஆட்டமுமாக. இடையில் 'அடிபிடி' என்று ஒரு சீன் வரும். புருஷன் பெண்டாட்டிச் சண்டை. அவர் இவளை அடிப்பார், இவள் அவரைத் திருப்பி அடிப்பாள்.

மேடைக்கு முன்னால் ஒருபக்கம் ஆண்கள், ஒருபக்கம் பெண்கள், நடுவில் பாயில் நாங்கள், குழந்தைகள். அந்தச் சீனுக்கு ஆண்கள் பக்கம் சிரிப்பார்கள் என்பது சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் பக்கமும் சிரிக்கும், ஆண்கள் பக்கத்தைவிடச் சத்தமாக. என் பெரிய அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்து சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த அத்தை வீட்டில் என்ன நடக்கும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மறுநாள் காலையில் வீங்கின கன்னத்தோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்த நாட்கள் உண்டு. அவர் எப்படி அடியைப் பார்த்துச் சிரித்தார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மூன்று வருஷம் முன்னால் கேட்டேவிட்டேன். அத்தைக்கு இப்போது 70 தாண்டிவிட்டது. மாமா இறந்து வெகுநாள் ஆகிறது. வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "அன்னைக்கு ஒருநா ராத்திரிதானத்தா அவ திருப்பி அடிப்பா. அதும் நூறு பொம்பளைக கூட ஒக்காந்திருக்கம். எவன் என்ன சொல்லிருவான்?"

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அடி விழுவதாலோ விழாததாலோ பெண்கள் சிரிப்பதும் சிரிக்காததும் இல்லை. யார் கை ஓங்குகிறது, அது நமக்குத் தெரிந்த கையா, அடிபட்டவருக்குத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா, நம் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் உடம்பு கணக்குப் போட்ட பிறகுதான் சிரிப்பை விடுகிறது. 1990-களிலும் அதற்குப் பிறகும் கோவை சரளா வடிவேலுவைப் புரட்டி எடுக்கிற காட்சிகள் வந்தன இல்லையா, அதைப் போட்டால் எங்கள் வண்டியின் முன்பாதி அப்படியே கலகலத்துப் போகும். பூத் தொடுக்கிற கை நின்றுவிடும். பின்பாதியும் சிரிக்கும், ஆனால் கொஞ்சம் குறைவாக. இதை நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன்.

நாடகத்தில் பபூன் வேஷம் கட்டிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வயதாகிவிட்டதால் இப்போது தேதி எடுப்பதில்லை. அவரிடம் அடிக்கிற வித்தையைக் காட்டச் சொன்னேன். திண்ணையில் என் மகளை எதிரே நிற்கவைத்து, "பாப்பா, நான் அடிப்பேன், நீ பயப்படாத" என்றார். வலது கை வீசி வந்தது. கன்னத்துக்கு நாலு விரல்கடை முன்னால் அவருடைய இடது உள்ளங்கை காத்திருந்தது. பளார் என்று சத்தம். மகள் கன்னத்தில் காற்றுதான் பட்டது. "மேடையில இந்தச் சத்தம்கூட நான் போட வேணாம், ஆல்ரவுண்ட்காரர் போட்டுருவாரு" என்றார். நாடகத்தில் ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்களோடு ஆல்ரவுண்ட் என்று ஒருவர் இருப்பார். தட்டுகிற சத்தம், விழுகிற சத்தம், எட்டி உதைக்கிற சத்தம் எல்லாம் அவர் கையில். பபூனின் கை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்து சரியான நேரத்தில் ஒரு தட்டு.

அந்தக் காலத்து இத்தாலி நாட்டு நாடகக்காரர்களும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இரண்டு பட்டை மரச்சட்டங்களை ஒன்றாகச் சேர்த்த ஒரு தடி. அதால் மெல்லத் தட்டினாலே சட்டங்கள் ஒன்றோடு ஒன்று மோதிப் பளீரென்று சத்தம் வரும், வாங்குகிறவருக்கு வலிக்காது. அந்தத் தடியின் பேரால்தான் இந்த வகை நகைச்சுவைக்கே ஸ்லாப்ஸ்டிக் என்று ஆங்கிலத்தில் பேர் வந்தது. அவர்களுக்கு அந்தத் தடி, நமக்கு ஆல்ரவுண்ட்காரர். வேலை ஒன்றுதான்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். "அடிக்கிறவன் அடியை நடத்துறதில்லம்மா. வாங்குறவன்தான் நடத்துறான். அவன் கண்ணால 'வா'ன்னு சொன்னாத்தான் என் கை போகும். அவன் கழுத்தைத் திருப்பலைன்னா என் அடி செத்த அடி." அதைக் கேட்ட பிறகு நான் செந்திலைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. உதை வருவதற்கு ஒரு நொடி முன்னால் அவருடைய தோளைப் பாருங்கள். அது முதலிலேயே தயாராகிவிடும். விழுவதற்கு இடம் பார்த்துவைத்த ஆள் அவர். அந்தக் காட்சியின் கடிவாளம் செந்தில் கையில் இருக்கிறது. இது தெரிந்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. 40 வயசுக்கு மேல் முதல்முறையாக அந்த உதைக்குச் சிரித்தேன்.

1989-இல் வந்த 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதில் வரும் வாழைப்பழக் காட்சி எந்த வண்டியிலும் முன்பாதி பின்பாதி இரண்டையும் சிரிக்கவைக்கும். அதிலும் அடி உண்டு. ஆனால் இரண்டு பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு வந்து நிற்கிற செந்தில் கடைசிவரைக்கும் தோற்பதே இல்லை. அடிக்கிறவர்தான் பைத்தியம் பிடித்தமாதிரி ஆகிறார். வாங்குகிறவரின் கை ஓங்கியிருப்பது அதில் வெளிப்படையாகத் தெரிகிறது. பபூன் பெரியவர் சொல்லித் தந்த பாடத்தை யாரும் சொல்லித்தராமலே எல்லாரும் அந்தக் காட்சியில் பார்த்துவிடுகிறார்கள்.

நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்ல வேண்டும். ஒரு தை அமாவாசைக்கு ராமேசுவரம் போய்விட்டுத் திரும்பினோம். வண்டியில் பாதிப் பேர் திதி கொடுத்தவர்கள். பாம்பன் பாலம் தாண்டியதும் பின் சீட்டில் காமெடி கேட்டார்கள். ஆள்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள், கொஞ்சம் சிரிக்கட்டுமே என்று நானும் சரி என்றேன். என்ன ஏற்றியிருக்கிறது என்று பார்க்கவில்லை. குடித்துவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டியைத் துரத்தித் துரத்தி அடிக்கிற காட்சி. பின்னால் சிரிப்பு. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அன்று காலையில்தான் அக்னி தீர்த்தத்தில் மகளுக்காகத் திதி கொடுக்கவைத்திருந்தார். அந்த மகள் எப்படிச் செத்தாள் என்று கூட வந்தவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ராமநாதபுரம் வந்து வண்டி நின்றதும் அவர் இறங்கி ஓரமாக நின்றுகொண்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒண்ணுமில்லம்மா, வெக்கை" என்றார். தை மாசத்தில் என்ன வெக்கை?

அன்றையிலிருந்து பென்டிரைவ் என் கையில். திதிக்குப் போகிற பயணத்தில் திரும்பும்போது காமெடியே கிடையாது, யார் கேட்டாலும். புருஷன் பெண்டாட்டியை அடிக்கிற காட்சி எந்தப் பயணத்திலும் கிடையாது. நிறத்தையும் உருவத்தையும் சொல்லித் திட்டுகிற காட்சிகளையும் எடுத்துவிட்டேன். வண்டியில் அதே நிறத்தில், அதே உருவத்தில் ஒரு பெண்பிள்ளை கட்டாயம் உட்கார்ந்திருப்பாள். அடுத்த மூன்று நாளும் அவள் வண்டிக்குள் நடந்துபோகும்போது பின் சீட்டுப் பையன்கள் அந்தச் சொல்லை வைத்துக் கூப்பிடுவார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு வேன் பிடித்துப் போகிறவர்கள், கல்யாண மண்டபத்தில் ராத்திரி திரை போடுகிறவர்கள் தயவுசெய்து ஒருமுறை தனியாக உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஒரு மணி நேரம் செலவாகும். செலவழியுங்கள்.

எடுத்ததைச் சொல்லிவிட்டேன். சேர்த்ததில் முதலாவது வடிவேலு. அவர் மதுரைக்காரர் என்பதற்காக மட்டும் இல்லை, அதுவும் ஒரு காரணம்தான். அவர் பேசுகிற பேச்சு எங்கள் வண்டியில் எல்லாருடைய வீட்டுப் பேச்சு. அவரிடம் அடி விழுகிற முறையே வேறு. முதலில் நெஞ்சை நிமிர்த்தி வந்து நிற்பார், சவடால் பேசுவார், எல்லாரையும் விரட்டுவார். அப்புறம்தான் விழும். 2001-இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுகிற காட்சி 2019 மே மாசக் கடைசியில் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். எங்கள் வண்டியில் அதற்கு முன்னாலிருந்தே அதுதான் ராஜா. வேலைக்காரர்களை விரட்டிக்கொண்டிருக்கிற மேஸ்திரி தலையில் மேலேயிருந்து சுத்தியல் விழுகிறது. யாரும் கை ஓங்கவில்லை. கை தவறியது, அவ்வளவுதான். மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கிய சித்தாள் அம்மாக்கள் எத்தனை பேர் எங்கள் வண்டியில் வந்திருக்கிறார்கள்! அவர்கள் சிரிப்பதைப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இரண்டாவது சாப்ளின். பேச்சு கிடையாது என்பதால் காது மந்தமான பாட்டிகளுக்கு இதைவிடத் தோதானது இல்லை. பசி தாங்காமல் தன் பூட்ஸையே வேகவைத்து, ஆணியை எலும்பு மாதிரி சப்பி, கயிற்றை நூடுல்ஸ் மாதிரி சுருட்டித் தின்பாரே, 1925-ஆம் வருஷத்துக் காட்சி, அதைப் போட்டால் முன்பாதி முதலில் சிரிக்கும், அப்புறம் "அய்யோ பாவம்" என்னும், மறுபடி சிரிக்கும். அந்தப் பூட்ஸ் அதிமதுரத்தில் செய்தது என்று நான் சொன்னதும் ஒரு பாட்டி, "அப்ப தொண்டைக்கு நல்லதுதான்" என்றார். வண்டியே அதிர்ந்தது.

மூன்றாவது, என் மகள் தேடிக் கொடுத்தது. லூசில் பால் என்ற அமெரிக்க நடிகை டிவியில் நடித்த 1952-ஆம் வருஷத்துக் காட்சி. இரண்டு பெண்கள் சாக்லேட் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறார்கள். பெல்ட்டில் சாக்லேட் வரும், காகிதத்தைச் சுற்றி அனுப்ப வேண்டும். ஒன்று தவறினாலும் வேலை போய்விடும் என்று மிரட்டிவிட்டு மேற்பார்வைக்காரி போய்விடுகிறாள். பெல்ட் வேகம் எடுக்கிறது. சுற்ற முடியாததை வாயில் திணிக்கிறார்கள், தொப்பிக்குள் போடுகிறார்கள், சட்டைக்குள் போடுகிறார்கள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து பார்க்கிறாள். ஒன்றும் மிச்சம் இல்லை. வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்து, வேகத்தை இன்னும் கூட்டச் சொல்லிவிடுகிறாள்.

இதை முதலில் போட்டது ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து வந்த அப்பளக் கம்பெனிப் பெண்கள் வண்டியில். 40 பேர், எல்லாரும் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். ஆங்கிலம் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பெல்ட் வேகம் எடுத்த உடனே ஒருத்தர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏய், வெயில் போகுதுன்னு நம்மளை விரட்டுவாகள்ல, அதேதான்டி!" சாக்லேட்டை வாயில் திணித்ததும் அத்தனை பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். வேகத்தைக் கூட்டச் சொன்னபோது சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தார். மூன்று தடவை போடச் சொன்னார்கள். பெண்களுக்கு ஸ்லாப்ஸ்டிக் ஏறாது என்று இனி யாராவது சொன்னால் நான் அந்த வண்டியைத்தான் சொல்வேன். விழுவதும் திணறுவதும் வாய் பிதுங்குவதும் அத்தனையும் அதில் இருந்தது. கை ஓங்கினவர் மட்டும் இல்லை.

ஆண்களையும் ஒரே குவியலாகக் கட்டிவிடக் கூடாது. அடிதடிக் காட்சி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆண்களும் எங்கள் வண்டியில் வருவார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ஒருவருக்கு யாராவது உயரத்திலிருந்து விழுகிற காட்சியைப் பார்க்கவே முடியாது. கம்பத்திலிருந்து கூட்டாளி விழுந்ததை நேரில் பார்த்தவர். திரையில் ஏணி வந்தாலே திரும்பிக்கொள்வார். அவருக்கும் அந்த மூன்றாவது வரிசை அம்மாவுக்கும் நடந்தது ஒன்றுதான். நிஜத்தில் பார்த்ததைச் சத்தத்தால் மறைக்க முடியாது.

சிரிக்காதவர்களைப் பார்த்து "உனக்கு ரசனை இல்லை" என்று சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் இப்போது சொல்வதில்லை. சத்தம் இல்லாமல் பார்த்த அந்த ராத்திரிக்கு அப்புறம் நிறுத்திவிட்டார். கவுண்டமணி செந்திலை விட்டுவிடவும் இல்லை, விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. அவரும் தம்பிமாரும் பொங்கலுக்குக் கூடி அதைப் பார்த்துச் சிரிக்கும்போது நானும் மதினிமாரும் இப்போதெல்லாம் எழுந்து போவதில்லை. செந்திலின் தோளைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வண்டியில் ரிமோட் இப்போது முன்பாதியில்தான் இருக்கும். போன மாசம் திருச்செந்தூர் போனோம். அருப்புக்கோட்டையில் டீ குடித்துவிட்டு ஏறியதும் பின்னால் இருந்து ஒருவர் நடந்து வந்து, ரிமோட் வைத்திருந்த பாட்டியிடம், "ஆத்தா, ஒரு அஞ்சு நிமிஷம் கவுண்டமணி போடுங்க" என்று கேட்டார். பாட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போடுறேன்யா. சத்தத்தை மட்டும் நான் சொல்ற அளவுலதான் வைப்பேன்."

சரி என்றுவிட்டுப் போனார். எட்டயபுரம் வரைக்கும் ஓடியது.